தோலின் நிறமும் எதிர்ப்பொருளின் சான்றும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை ஆராய்வோர் கையாளும் எதிர்ப்பொருள்களைப் பற்றியது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் உள்ள புரதங்களை இவ்வெதிர்ப்பொருள்கள் தேடிப் பிடித்து அடையாளம் காட்டுகின்றன. கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இத்தகைய ஆய்வுக்கூடச் செய்தி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நிறத்தைப் பார்த்து மனிதரை எடை போடும் பழக்கத்தைத் தன் வாழ்விலேயே அறிந்த சமுதாயம் நம்முடையது. அந்த நிறம் எங்கே பிறக்கிறது, எதனால் ஆகிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அந்நிறத்தைத் தரும் செல்லில் தோன்றும் புற்றுநோய், கருநிறத் தோலினரிடம் உடலின் எப்பகுதியில் மறைந்து வரும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் அடிப்படையாக மற்றொன்று உண்டு. கண்ணால் கண்டதையும் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும் என்னும் அறிவியல் ஒழுக்கமே அது. அவ்வொழுக்கத்தை எதிர்ப்பொருள்களின் வரலாறு நமக்கு நன்கு கற்பிக்கிறது.

நிறம் பிறக்கும் இடம்

நம் மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் எனப்படும் நிறச்செல்கள் அமைந்துள்ளன. தாயின் வயிற்றில் கரு வளரும்போது, நரம்பு மண்டலம் உருவாகும் பகுதியின் விளிம்பிலிருந்து புறப்பட்டு இவை தோலுக்கு வந்து சேர்கின்றன. ஒவ்வொரு நிறச்செல்லும் கிளை போன்ற நீட்சிகளை விரித்து, தன்னைச் சூழ்ந்துள்ள ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு மெலனின் என்னும் நிறமியை வழங்குகிறது. நிறமி, மெலனோசோம் என்னும் நுண்பைகளில் அடைபட்டுச் செல்கிறது. தோல் செல்லை அடைந்த நுண்பைகள் அதன் உட்கருவின்மேல் குடை போலக் கவிந்து, வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து அதனைக் காக்கின்றன.

இந்நிறமியை உண்டாக்கும் பணியில் பல புரதங்கள் ஈடுபட்டுள்ளன. டைரோசினேஸ் என்னும் நொதி, டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. இந்நொதி பிறவியிலேயே செயலற்றுப் போனவர்கள் வெண்தோலும் வெண்மயிருமாகப் பிறக்கின்றனர். பி-மெல் என்றும் ஜி.பி.-100 என்றும் வழங்கப்படும் புரதம், தறியில் விரித்த பாவு போல நுண்பைக்குள் இழை இழையாக அமைகிறது. அவ்விழைகளின்மேல் மெலனின் படிகிறது. மெலன்-ஏ என்பது 118 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். நுண்பைகள் முதிர்ச்சி அடைவதற்கு அது துணை செய்கிறது. மிட்ஃப், சாக்ஸ்-10 என்னும் இரு புரதங்கள் செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு, நிறச்செல்லுக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன.

இங்கு ஓர் உண்மையை நீங்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். ஐரோப்பியர் தோலிலும், ஆப்பிரிக்கர் தோலிலும், நம் தோலிலும் உடலின் ஒரே பகுதியை எடுத்து ஒப்பிட்டால், நிறச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. நிறமியின் அளவிலும் வகையிலும், நுண்பைகளின் பருமனிலும், அவை பரவியுள்ள முறையிலுமே வேறுபாடு காணப்படுகிறது. கருநிறத் தோலில் நுண்பைகள் பெரியனவாய்த் தனித்தனியே பரவியுள்ளன. வெளிர்நிறத் தோலில் சிறியனவாய்க் கொத்துக் கொத்தாக அமைந்துள்ளன. நூற்றாண்டுகளாக மனிதர் ஒருவரையொருவர் இழிவு செய்வதற்குச் சாக்காகக் கொண்ட நிற வேறுபாட்டின் முழு அளவும் இவ்வளவே. மெலன்-ஏ புரதத்தைத் தேடும் எதிர்ப்பொருளை எவருடைய தோலில் இட்டாலும், அது அதே செல்லில், அதே புரதத்தின்மேல் சென்று படிகிறது. உயர்ந்தவர் தோலுக்கு ஒன்று, தாழ்ந்தவர் தோலுக்கு ஒன்று என இருவகை எதிர்ப்பொருள் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதார் யாவர் என்பதை ஆராய்ந்து 1948 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தீண்டாமைக்கு இன வேறுபாடே காரணம் என்ற கூற்றை அந்நூலில் அவர் வெறும் சொல்லால் மறுக்கவில்லை. அக்காலத்து மானிடவியலார் எடுத்த மூக்கு, தலை ஆகியவற்றின் அளவைகளையே எடுத்து வைத்து, அக்கூற்று நிலைக்காது என்று காட்டினார். சான்று கேட்பதும், தரப்பட்ட சான்றைச் சோதிப்பதும் அவர் நமக்குக் காட்டிய வழியாகும்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது ‘ஆண்டிபாடி’ என்னும் சொல்லை நாம் அனைவரும் கேட்டோம். எதிர்ப்பொருள் என்று தமிழில் வழங்குவது அதுவே. உடலுக்குள் அயற்பொருள் ஒன்று புகுந்தால், இரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளை அணுக்கள் அப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை உண்டாக்குகின்றன. பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய வடிவத்தோடு மட்டுமே பொருந்துகிறது. 1890 ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எமில் பெஹ்ரிங், கிட்டசாட்டோ ஷிபசாபுரோ ஆகிய இருவரும், நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் இரத்த நீரைக் கொண்டு வேறொரு விலங்கை நோயினின்று காக்க இயலும் என்று காட்டினர். எதிர்ப்பொருள் ஆராய்ச்சியின் தொடக்கம் அதுவே.

ஆயினும், விலங்கின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் ஒரு கலவையாகும். ஒவ்வொன்றும் அப்பொருளின் வெவ்வேறு பகுதியைப் பற்றும். ஒரு முயலின் இரத்தத்தில் கிடைத்தது, அடுத்த முயலின் இரத்தத்தில் அப்படியே கிடைக்காது. அம்முயல் இறந்தால் அந்த எதிர்ப்பொருளும் அதனோடு போயிற்று. இக்குறையை நீக்கியவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும் ஆவர். எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் செல், குடுவையில் சில நாட்களில் மடிந்துவிடும். புற்றுச் செல்லோ அழியாது பெருகும். 1975 ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் இணைத்து அவர்கள் ஒரு கலப்புச் செல்லை உருவாக்கினர். அக்கலப்புச் செல் பெருகிக்கொண்டே இருந்தது. ஒரே வடிவுடைய எதிர்ப்பொருளை இடையறாது சுரந்துகொண்டும் இருந்தது. ஒரே செல்லின் வழிவந்த கூட்டம் தருவதால் இதற்கு மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்று பெயர். இப்பணிக்காக அவ்விருவரும், நீல்ஸ் எர்னே என்னும் அறிஞரும் 1984 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று மருந்துக் கடையில் வாங்கும் கருத்தரிப்புச் சோதனை அட்டையில் தோன்றும் கோடும் இத்தகைய எதிர்ப்பொருளால் ஆவதே.

மில்ஸ்டைனின் வாழ்க்கையில் நம் மாணவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. அவர் அர்ஜென்டினாவில் 1927 ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தை அந்நாட்டில் குடியேறிய யூதர். பதினைந்து வயதிலேயே தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ள நேர்ந்தவர். தாய், வறிய குடியேறிகளின் மகள், பள்ளி ஆசிரியை. மூன்று மைந்தரையும் பல்கலைக்கழகம் வரை படிக்க வைப்பதற்காக அப்பெற்றோர் எந்தத் துன்பத்தையும் பெரிதாகக் கருதவில்லை. பின்னாளில் தம் நாட்டில் அரசியல் அடக்குமுறை தலைதூக்கியபோது, மில்ஸ்டைன் அங்கிருந்து விலகிக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அவருடைய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை; உலகின் எந்த ஆய்வுக்கூடமும் அம்முறையைக் கையாள முடிந்தது. நான் இனிக் கூறப்போகும் எதிர்ப்பொருள்களுட் பல அம்முறையால் விளைந்தவை.

கண்ணாடித் தகட்டில் நிகழ்வது

நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்கை முதலில் ஃபார்மலின் கரைசலில் ஊற வைக்கின்றனர். பின்னர் அதனைப் பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் கருவியால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகின்றனர். ஃபார்மலின் சதையைக் கெடாமற் காக்கும். ஆனால் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அவற்றின் வடிவத்தை மறைத்தும் விடும். 1991 ஆம் ஆண்டில், மைக்ரோவேவ் அடுப்பில் தகட்டைச் சூடாக்கினால் மறைந்த வடிவம் மீண்டும் வெளிப்படும் என்று கண்டனர். அதற்குப் பிறகே பல எதிர்ப்பொருள்கள் நடைமுறைக்கு உதவின.

அடுத்து, தேடும் புரதத்திற்குரிய எதிர்ப்பொருளைத் தகட்டின்மேல் இடுகின்றனர். அது தன் புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். காணாவிடில் கழுவும்போது நீரோடு போய்விடும். பற்றிக்கொண்டதைக் கண்ணால் காண இயலாது. ஆகவே முதல் எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய இரண்டாம் எதிர்ப்பொருள் ஒன்றை இடுகின்றனர். அதனோடு ஒரு நொதி பிணைக்கப்பட்டிருக்கும். குதிரைமுள்ளங்கி என்னும் செடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் பெராக்சிடேஸ் என்னும் நொதியே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இறுதியில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால், நொதி இருக்குமிடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும். நுண்ணோக்கியின் கீழே பழுப்பைக் கண்டால், தேடிய புரதம் அங்கே உண்டு என்பது பொருள்.

இவ்வளவோடு பணி முடிந்துவிடுவதில்லை. அப்புரதம் உண்டு என்று முன்பே அறியப்பட்ட ஒரு தகட்டையும், முதல் எதிர்ப்பொருளை இடாத ஒரு தகட்டையும் உடன் வைத்தே ஒவ்வொரு முறையும் சோதனை நடத்துதல் வேண்டும். முன்னதில் நிறம் தோன்ற வேண்டும், பின்னதில் தோன்றலாகாது. இவ்விரண்டும் சரியாக இருந்தால்தான் நோயாளியின் தகட்டில் கண்டதை நம்பலாம். இவ்வொப்புத் தகடுகள் இல்லாத சோதனை முடிவு, எத்துணைத் தெளிவாகத் தோன்றினும், ஏற்கத்தக்கதன்று.

பல சாட்சிகள் வேண்டும்

சில மெலனோமாக்களில் நிறமியே இராது. வெளுத்த கட்டியாய், வேறு புற்றுநோய் போலத் தோன்றி, அனுபவம் வாய்ந்த மருத்துவரையும் மயக்கும். அந்நிலையில் நிறச்செல் புரதங்களைத் தேடுவதே வழி. அவற்றைத் தேடும் எதிர்ப்பொருள்களில் முதன்மையான சிலவற்றைக் காண்போம்.

எஸ்-100 என்னும் புரதம் 1965 ஆம் ஆண்டில் மாட்டின் மூளையிலிருந்து பிரிக்கப்பட்டது. அம்மோனியம் சல்ஃபேட்டின் 100 விழுக்காடு செறிவுற்ற கரைசலிலும் அது கரைவதால் அப்பெயர் பெற்றது. மெலனோமாக்களுள் மிகப் பெரும்பாலானவை இதற்குரிய எதிர்ப்பொருளோடு நிறம் கொள்கின்றன. ஆனால் நரம்புறைச் செல்களும், கொழுப்புச் செல்களும், குருத்தெலும்பும் அவ்வாறே நிறம் கொள்கின்றன. எவரையும் தப்பவிடாத, ஆனால் குற்றமற்றவரையும் சேர்த்துக் காட்டும் சாட்சி இது.

எச்.எம்.பி.-45 என்னும் எதிர்ப்பொருள் 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களால் வெளியிடப்பட்டது. நிணநீர் முடிச்சுக்குப் பரவிய கருநிற மெலனோமாவின் சாற்றைக் கொண்டு இதனை உருவாக்கினர். இது பற்றுவது ஜி.பி.-100 புரதத்தை என்பது பின்னரே தெரிய வந்தது. இஃது எஸ்-100 ஐக் காட்டிலும் துல்லியமானது. ஆயினும் நார்த்திசு மிகுந்த ஒருவகை மெலனோமாவில் இது பெரும்பாலும் நிறம் காட்டுவதில்லை. சாதாரண மச்சத்தில், மேற்பகுதியில் மட்டும் நிறம் தோன்றி ஆழம் செல்லச் செல்ல மறைகிறது. மெலனோமாவில் ஆழத்திலும் ஆங்காங்கே தோன்றுகிறது. இவ்வேறுபாடு மச்சத்தையும் புற்றையும் பிரித்தறிய உதவுகிறது.

மெலன்-ஏ புரதம் 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் பெல்ஜியத்திலும் இரு குழுவினரால் தனித்தனியே கண்டறியப்பட்டது. அமெரிக்கர் அதற்கு மார்ட்-1 என்று பெயரிட்டனர். நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்கள் புற்றில் எதனைத் தாக்குகின்றன என்று தேடிச் சென்றபோதே இரு குழுவினரும் இதனை அடைந்தனர். இப்புரதத்திற்குரிய ஏ-103 என்னும் எதிர்ப்பொருளுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. நிறச்செல்லோடு உறவே இல்லாத அட்ரினல் சுரப்பியின் புறணியிலும் அது நிறம் காட்டுகிறது. அதே புரதத்திற்கென உருவாக்கப்பட்ட வேறோர் எதிர்ப்பொருள் அவ்வாறு காட்டுவதில்லை. ஆகவே புரதத்தின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. எந்த எதிர்ப்பொருளைக் கொண்டு தேடினோம் என்பதையும் அறிதல் வேண்டும்.

சாக்ஸ்-10 உட்கருவில் நிறம் காட்டுவது. எச்.எம்.பி.-45 தவறவிடும் நார்த்திசு வகை மெலனோமாவையும் இது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. எனவே மருத்துவர் ஒரே எதிர்ப்பொருளை நம்பித் தீர்ப்பு வழங்குவதில்லை. ஒன்று தவறவிடுவதை மற்றொன்று பிடிக்கும் வகையில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, நுண்ணோக்கியில் காணும் செல்லின் உருவத்தோடும் பொருத்திப் பார்த்தே முடிவு கூறுகிறார்.

பெயர் மாறிய செல்

சோதியாது ஏற்றதால் விளைந்த கேட்டிற்கு இத்துறையிலேயே ஒரு சான்று உண்டு. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று கூறப்பட்ட செல் வகை ஒன்று, எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. மார்பகப் புற்றுநோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அறிய நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதனைக் கொண்டு நடத்தப்பட்டன. 2000 ஆம் ஆண்டில், 60 வகைப் புற்றுச் செல்களின் மரபணு இயக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இச்செல் மார்பகப் புற்றுச் செல்களோடு சேராமல் மெலனோமாச் செல்களோடு சேர்ந்து நின்றது. நிறச்செல்லுக்குரிய மரபணுக்கள் அதில் இயங்கிக்கொண்டிருந்தன. 2007 ஆம் ஆண்டில் மரபுப் பொருளை ஒப்பிட்டு, எம்-14 என்னும் மெலனோமாச் செல்லும் இதுவும் ஒன்றே என்று காட்டினர். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு செல் மற்றொன்றின் பெயரைச் சூடிக்கொண்டு, கால் நூற்றாண்டு உலவியிருக்கிறது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். குடுவையின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டை அறிஞர்கள் நம்பினர். குடுவைக்குள் இருந்ததைச் சோதிக்கவில்லை. அவர்கள் கற்றவர்களே, கருத்தாகப் பணியாற்றியவர்களே. ஆயினும் முன்னவர் எழுதிய பெயரைப் பின்னவர் கேள்வியின்றி ஏற்றதால், பொருளும் உழைப்பும் வீணாயின. எதிர்ப்பொருள்களின் நிலையும் இத்தகையதே. கடையில் வாங்கும் எதிர்ப்பொருள்கள் பல, குப்பியில் எழுதியுள்ள புரதத்தைச் சரிவரப் பற்றுவதில்லை என்று கண்டு, 2015 ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, அவற்றின் தரத்தை முறைப்படுத்த வேண்டுமென்று வலியுறுத்தினர். பிறப்பின்போது பிறர் ஒட்டிய பெயர்ச்சீட்டைச் சுமந்து வாழ நேர்ந்த நமக்கு, பெயர்ச்சீட்டைச் சோதிக்க வேண்டும் என்னும் இப்பாடத்தை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

பழுப்பின்மேல் பழுப்பு

சோதனையில் படியும் நிறம் பழுப்பு என்று கூறினேன். மெலனினும் பழுப்பு நிறமுடையது. வெளிர்நிறத் தோலில் இது பெரும் இடையூறு ஆவதில்லை. கருநிறத் தோலிலோ, அடிவரிசையில் உள்ள தோல் செல்கள் அனைத்தும் நிறமியைத் தாங்கியிருக்கும். நிறமி மிகுந்த கட்டியிலும் இதே நிலைமை. நுண்ணோக்கியில் காணும் பழுப்பு, எதிர்ப்பொருள் காட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்று பிரித்தறிவது கடினமாகிறது. கவனமற்ற கண், தோலின் இயல்பான நிறத்தையே நோயின் அடையாளமாகக் கொண்டுவிடக்கூடும். அன்றி, நோயின் அடையாளத்தை இயல்பான நிறம் என்று தள்ளிவிடவும் கூடும்.

இதற்கு மாற்று வழிகள் உள்ளன. பெராக்சிடேசுக்கு மாற்றாக வேறு நொதியை இணைத்துச் சிவப்பு நிறம் படியச் செய்யலாம். முன்னதாக மெலனினை வேதிப்பொருளால் வெளுக்கச் செய்யலாம். பின்னணிக்கு ஜீம்சா என்னும் சாயத்தை இட்டால் மெலனின் பசுமை கலந்த நிறமாக மாறித் தனித்துத் தெரியும். வழக்கமான முறையே எல்லார்க்கும் பொருந்தும் என்று கருதாமல், முன்னிருக்கும் தோலுக்கேற்பக் கருவியைத் திருத்திக்கொள்வதே முறையான அறிவியலாகும்.

உள்ளங்காலும் நகமும்

உலகில் 2020 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,25,000 பேருக்கு மெலனோமா புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 57,000 பேர் அதனால் இறந்தனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வாழும் வெளிர்நிறத் தோலினரிடம் இந்நோய் மிகுதி. கடும் வெயிலே அங்கு முதன்மைக் காரணம். நம் நாட்டில் இந்நோய் அரிது; நம் நிறமி நமக்குக் கவசமாக நிற்கிறது.

அரிது என்பதற்கு இல்லை என்பது பொருளன்று. கருநிறத் தோலினரிடம் தோன்றும் மெலனோமா, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்வகைக்கு வெயில் முதன்மைக் காரணமன்று. எனவே நிறமியின் கவசம் இங்கே உதவுவதில்லை. ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் இந்நோய் 1977 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அது மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவி, 1981 மே 11 அன்று தம் 36 ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றினால் நம்மவர் யாது செய்கின்றனர்? முள் தைத்தது என்பர், காலாணி என்பர், கல் இடித்து இரத்தம் கட்டியது என்பர். எருக்கம்பால் இடுவர்; பிளேடால் சீவுவர். வயலிலும் கட்டட வேலையிலும் வெறுங்காலோடு உழைப்பவருக்குக் காலில் காயம் புதிதன்று. ஒருநாள் வேலையை விட்டு மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போகும். இக்காரணங்களால் மாதங்கள் கழிகின்றன. அம்மாதங்களே உயிரின் விலையாகின்றன. கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது என்று அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் மருத்துவர் 1970 ஆம் ஆண்டில் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

அச்சம் வேண்டா, கவனம் வேண்டும். நம் போன்றோரின் நகங்களில் கருங்கோடுகளும் உள்ளங்காலில் சிறு புள்ளிகளும் இருப்பது இயல்பே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் புதிதாகத் தோன்றி வளரும் புள்ளி, விளிம்பு ஒழுங்கற்றுப் பல நிறம் காட்டும் புள்ளி, ஒரே நகத்தில் தோன்றி அகன்றுகொண்டே வரும் கருங்கோடு, நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலிலும் பரவும் கருமை, ஆறாத புண் ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லுதல் வேண்டும். சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினால் மறுத்தல் ஆகாது. அத்துணுக்கின்மேல்தான் நாம் இதுவரை பேசிய எதிர்ப்பொருள்கள் தம் பணியைச் செய்யும்.

வெண்புள்ளியும் மருத்துவமும்

இதே புரதங்கள் மருத்துவத்திற்கும் இலக்காகியுள்ளன. ஜி.பி.-100 புரதத்தின் துண்டைத் தாங்கிய புற்றுச் செல்லையும், உடலின் வெள்ளை அணுவையும் ஒன்றாகப் பிணைக்கும் டெபென்டஃபஸ்ப் என்னும் மருந்து, கண்ணில் தோன்றும் மெலனோமாவுக்காக 2022 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மெலனோமாவுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருத்துவம் பெறுவோரில் சிலர்க்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. புற்றைத் தாக்கக் கிளம்பிய வெள்ளை அணுக்கள், அதே புரதங்களைத் தாங்கிய நல்ல நிறச்செல்களையும் தாக்குவதே காரணம்.

மருந்து எதுவும் பெறாதவர்க்கு இயல்பாகத் தோன்றும் வெண்புள்ளியிலும் நிகழ்வது இத்தகையதே. மெலன்-ஏ எதிர்ப்பொருளை இட்டுப் பார்த்தால், வெளுத்த தோலில் நிறச்செல்லே இல்லாது போயிருப்பது தெரிகிறது. அது தொழுநோயன்று, தொற்றுவதன்று, எவரும் செய்த வினையின் பயனுமன்று. வெண்புள்ளி கண்டவரை விலக்கி வைப்பதும், பெண்ணாயின் திருமணத்தைத் தடுப்பதும் நம் வீடுகளிலும் நிகழ்கின்றன. விலக்கி வைக்கப்படுவதன் வேதனையை அறிந்த நாம், பிறிதொருவரைத் தோலின் பொருட்டு விலக்குவது தகுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்களுக்கு

இறுதியாக, மாணவ மணிகளுக்கு ஒரு சொல். நான் கூறிய பணியில் சதையைப் பதிப்பவர், ஏடு சீவுபவர், எதிர்ப்பொருளை அளந்து இடுபவர், ஒப்புத் தகடு வைப்பவர் என்று பலர் உள்ளனர். மருத்துவரின் தீர்ப்பு அவர்களின் கைச்சுத்தத்தையே நம்பி நிற்கிறது. அப்பணியைக் கற்பிக்கும் மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு உங்களுக்கு எட்டாததன்று. அதற்கு அப்பால் உயிர்வேதியியலும் நோய்க்குறியியலும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. கருநிறத் தோலில் தோன்றும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி, வெளிர்நிறத் தோலைப் பற்றியதைக் காட்டிலும் இன்னும் குறைவாகவே உள்ளது. அக்குறையை நிரப்பும் கடமையும் உரிமையும் நமக்கு உண்டு.

அங்கு சென்று அமர்வோர் இரண்டை மறவாதிருத்தல் வேண்டும். எத்துணைப் பெரியவர் எழுதிய பெயர்ச்சீட்டாயினும் சோதித்த பின்னரே நம்புங்கள். நீங்கள் கண்ட முடிவு உங்களுக்கு எத்துணை விருப்பமானதாயினும், அதற்கும் ஒப்புத் தகடு வையுங்கள். பிறர் கூற்றை ஐயுறும் துணிவும், தம் கூற்றையும் ஐயுறும் நேர்மையும் சேர்ந்ததே கல்வி. அக்கல்வியை இச்சங்கம் மேலும் பல்லாண்டு வழங்கிச் சிறப்புறுக என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வீடு திரும்பியதும் உங்கள் தாய் தந்தையரின் உள்ளங்காலை ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள். இவ்வுரையின் பயன் அதுவாயினும் எனக்கு நிறைவே.